கடைசி நொடி ஏலம்: ஈபே ஸ்னைப்பர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தபால்தலை சேர்க்கிறேன். அதிலும் திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள் மேல் தனிப் பிரியம். 1888-இல் தொடங்கிய சங்குச் சின்னம் பொறித்த அந்தத் தலைகளை ஊரில் தேடிப் பிடித்ததைவிட ஈபே என்ற இணையச் சந்தையின் ஏலத்தில் பிடித்ததுதான் அதிகம். விற்றவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்காக்காரர்கள். பல வருடமாக ஸ்னைப்பர் என்ற மென்பொருள் வழியாகத்தான் ஏலம் கேட்கிறேன். புதிதாகச் சேர்க்க வரும் நண்பர்கள் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தபால்தலைக்குச் சொல்வது பழைய நாணயம், கேமரா, பேனா, கைக்கடிகாரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஸ்னைப்பிங் என்றால் என்ன?

ஏலம் முடிய ஐந்தாறு நொடி இருக்கும்போது பிட் போடுவது, அதாவது உங்கள் விலையைக் கேட்பது. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவரை ஸ்னைப்பர் என்பார்கள் அல்லவா, அதிலிருந்து வந்த பெயர். கையாலேயே செய்யலாம். பக்கத்தைத் திறந்து வைத்து, தொகையைத் தட்டி வைத்து, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்து கடைசியில் பட்டனை அழுத்தினால் அதுவும் ஸ்னைப்பிங்தான். மென்பொருள் இந்தக் காத்திருப்பை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. ஏலப் பொருளின் எண், அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள், எத்தனை நொடி முன்பு போட வேண்டும் என்ற மூன்றையும் கொடுத்துவிட்டு நீங்கள் தூங்கப் போகலாம்.

நம் ஊர் ஏலத்தில் இப்படி நடக்காதே. ஈபேயில் மட்டும் எப்படி?

முடிக்கும் விதம் வேறு. நம் ஊரில் ஏலம் விடுபவர் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லி நிறுத்துவார். சுற்றிப் பார்ப்பார். யாரும் வாய் திறக்கவில்லை என்றால்தான் "மூணு தரம்". நடுவில் ஒருவர் கூட்டிக் கேட்டால் மறுபடி ஒரு தரத்திலிருந்து ஆரம்பம். அங்கே கடைசி நொடி என்று ஒன்று இல்லவே இல்லை. கடைசி ஆள்தான் உண்டு.

ஈபேயில் ஏலம் விடுவது கடிகாரம். 7 நாள் ஏலம் என்றால் ஏழாம் நாள் அதே மணி, அதே நிமிடம், அதே நொடியில் கதவு மூடிவிடும். நான்கு நொடி இருக்கும்போது ஒருவர் கூட்டிக் கேட்டால், மற்றவர் அதைப் பார்த்து, யோசித்து, பதில் பிட் போடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

எல்லாத் தளமும் இப்படி அல்ல. அமேசான் 1999-இல் ஓர் ஏலத் தளம் தொடங்கியது. இப்போது அது இல்லை. அங்கே கடைசி 10 நிமிடத்தில் பிட் வந்தால் ஏலம் இன்னும் 10 நிமிடம் நீண்டது. நியூசிலாந்தின் ட்ரேட் மீ தளத்தில் கடைசி 2 நிமிடத்துக்குள் பிட் வந்தால் நேரம் நீள்கிறது. ஐரோப்பாவின் கேட்டவிக்கியிலும் இப்படித்தான், 90 நொடிக் கணக்கு. இவையெல்லாம் "மூணு தரம்" முறையைக் கணினியில் ஏற்றியவை. அங்கே ஸ்னைப்பர் வாங்குவது வீண் செலவு. எந்தத் தளத்தில் ஏலம் கேட்டாலும் முதலில் இந்த விதியைப் பாருங்கள்.

அப்படியென்றால் இது இணையம் வந்த பிறகு வந்த தந்திரமா?

இல்லை. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெழுகுவர்த்தி ஏலம் என்று ஒன்று இருந்தது. ஒரு சிறு துண்டு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைப்பார்கள். சுடர் அணைவதற்கு முன் கடைசியாகக் கேட்டவருக்குப் பொருள். கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் 1662 செப்டம்பர் 3-ஆம் தேதி நாட்குறிப்பில் அப்படி ஓர் ஏலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்று பழைய கப்பல்கள் மூன்றை விற்றார்கள். ஓர் ஆள் மட்டும் சரியான தருணத்தில் கேட்டு மற்றவர்களை முந்தினார். எப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்ன ரகசியம்: சுடர் அணையப் போகும்போது புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துத்தான் கேட்கிறேன். கடிகாரம் வைத்து முடிக்கும் ஏலம் எங்கே இருந்தாலும் அங்கே புகையைப் பார்க்கும் ஒருவர் இருப்பார்.

ஈபேயிலேயே அதிகபட்சத் தொகையைப் போட்டு வைத்தால் அதுவே எனக்காகக் கேட்குமே. அப்புறம் ஸ்னைப்பர் எதற்கு?

எனக்கு வரும் கேள்விகளில் சிறந்தது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஈபேயில் நீங்கள் 60 டாலர் என்று போட்டால் விலை உடனே 60-க்குப் போய்விடாது. அந்த 60 உள்ளே மறைந்திருக்கும். உங்களுக்கு அடுத்தவர் எவ்வளவு கேட்டாரோ அதற்கு ஒரு படி மேலே மட்டும் விலை நிற்கும். அவருடைய உச்சம் 45 என்றால் நீங்கள் கட்டுவது 46. ஏனென்றால் 25 முதல் 99.99 டாலர் வரை ஒரு படி என்பது 1 டாலர். 100-ஐத் தாண்டினால் படி 2.50, 250-ஐத் தாண்டினால் 5 என்று ஏறிக்கொண்டே போகும்.

இரண்டாவது ஆள் கேட்ட விலையை முதல் ஆள் கட்டும் இந்த முறைக்குப் பொருளாதாரத்தில் விக்ரி ஏலம் என்று பெயர். வில்லியம் விக்ரி 1961-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1996-இல் நோபல் பரிசு பெற்றார். எனக்கு இதில் பிடித்த விஷயம், தபால்தலைக்காரர்கள் அவருக்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுதான். 1893-இலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்தாம்ப்டனில் தபால் வழித் தபால்தலை ஏலம் ஒன்றில் இந்த விதி இருந்திருக்கிறது. நேரில் வர முடியாதவர் கடிதத்தில் தன் உச்ச விலையை எழுதி அனுப்புவார், இரண்டாம் விலையை ஒட்டித்தான் கட்டுவார்.

விக்ரியின் கணக்குப்படி இந்த ஏலத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பொருள் உங்களுக்கு எவ்வளவு பெறுமோ அதை உண்மையாக எழுதிப் போடுவது. எப்போது போட்டால் என்ன? முதல் நாள் போட்டாலும் கடைசி நொடியில் போட்டாலும் ஒன்றுதானே?

எதிரில் இருப்பவர்களும் அதே கணக்குப்படி நடந்தால் ஒன்றுதான். ஆனால் அவர்கள் அப்படி நடப்பதில்லை. தன் உச்சம் எவ்வளவு என்று தெரியாமலே ஏலத்துக்கு வருபவர்கள் நிறைய. முதலில் 20 போடுவார்கள். வேறொருவர் முந்தினார் என்று மின்னஞ்சல் வந்ததும் 25, அப்புறம் 30. அந்தப் பொருள் தன்னுடையது, யாரோ பிடுங்கப் பார்க்கிறார் என்ற உணர்வு வந்துவிடும். உங்கள் 60 முதல் நாளே உள்ளே இருந்தால் அவர்கள் படிப்படியாக ஏறி வந்து அதைத் தொட்டுவிடுவார்கள். கடைசி நொடியில் வந்தால் அவர்களுக்கு ஏற நேரமில்லை.

ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-இல் ஈபே ஏலங்களையும் அமேசான் ஏலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். ராத் பிறகு 2012-இல் நோபல் பரிசு பெற்றவர். கடிகாரம் மூடும் ஈபேயில் கடைசி நிமிடங்களில் பிட் குவிந்தது. நேரம் நீளும் அமேசானில் அப்படிக் குவியவில்லை. இன்னொன்றும் பார்த்தார்கள். ஈபேயில் கணினி ஏலங்களைவிடப் பழம்பொருள் ஏலங்களில் இந்தக் கடைசி நேரக் கேட்பு அதிகமாக இருந்தது.

காரணம் நம்மைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். கணினியின் விலை எல்லோருக்கும் தெரிந்தது. பழம்பொருளின் மதிப்பு விஷயம் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். விற்பவர் "பழைய இந்தியத் தலைகள், ஒரு கட்டு" என்று போட்டிருப்பார். அதில் ஒன்று அரிய தலை என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். மூன்றாம் நாளே பிட் போட்டால், விலை அசைவதைப் பார்த்து மற்றவர்களும் படத்தைப் பெரிதாக்குவார்கள். உங்கள் அறிவை ஊருக்கே இலவசமாகக் கொடுத்ததாகிவிடும். எங்கள் வட்டாரத்தில் ஸ்னைப்பர் வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் முதல் காரணமே இதுதான்.

விலை எவ்வளவு குறையும்?

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஜெஃப்ரி எலி, தஞ்சிம் ஹொசைன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஈபேயில் டிவிடி ஏலங்களில் தாங்களே கலந்துகொண்டு சோதித்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். ஸ்னைப்பிங்கால் லாபம் உண்டு, ஆனால் சிறிது என்பது அவர்கள் முடிவு. டிவிடி போன்ற பொதுப் பொருளுக்கு அதுதான் இயல்பு. எல்லோருக்கும் விலை தெரியும். அரிதான பொருளில், விற்பவரே சரியாக விவரிக்காத பொருளில், வித்தியாசம் அதிகம் என்பது என் அனுபவம்.

என்னைப் பொறுத்தவரை ஸ்னைப்பரின் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அது என்னை என்னிடமிருந்தே காப்பாற்றுகிறது. ஸ்னைப்பர் இல்லாத நாட்களில் கொச்சி சமஸ்தானத் தலைகள் உள்ள ஒரு கட்டுக்கு 80 டாலர் என்று மனதில் முடிவு செய்திருந்தேன். நள்ளிரவில் கணினி முன் உட்கார்ந்து கையால் கேட்டேன். ஒருவர் முந்த, நான் முந்த, கடைசியில் 140-க்கு எடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அதைவிட நல்ல கட்டு ஒன்று 70-க்குப் போனது. அன்றிரவு கூடுதலாகக் கட்டிய 60 டாலரும் தலைக்காகக் கட்டியது அல்ல, தோற்கக் கூடாது என்பதற்காகக் கட்டியது. இப்போது மதியம், சாப்பிட்டுவிட்டு நிதானமாக இருக்கும்போது தொகையை முடிவு செய்து ஸ்னைப்பரில் எழுதிவிடுகிறேன். இரவில் அதை மாற்ற நான் விழித்திருப்பதில்லை.

சரி, எவ்வளவு போடுவது?

ஈபேயில் விற்று முடிந்த பொருள்களைத் தனியாகத் தேடிப் பார்க்கும் வசதி இருக்கிறது. விற்கப்படாமல் நிற்கும் பொருள்களின் விலையைப் பார்க்காதீர்கள், அது விற்பவரின் ஆசை மட்டுமே. முடிந்த ஏலங்களின் விலையைப் பாருங்கள். அதிலிருந்து தபால் செலவையும் சுங்க வரியையும் கழியுங்கள். மிச்சமிருப்பதுதான் உங்கள் உச்சம். 20 டாலர் பொருளுக்கு 18 டாலர் தபால் செலவு என்பது நமக்கு அன்றாடம் நடப்பது, எனவே இந்தக் கழித்தலை மறக்காதீர்கள்.

அப்புறம் இந்தக் கேள்வியை உங்களுக்குள் கேளுங்கள்: நாளை காலை எழுந்து பார்க்கும்போது இது 60-க்குப் போயிருந்தால், "அடடா, 61 போட்டிருக்கலாமே" என்று தோன்றுமா? தோன்றும் என்றால் உங்கள் தொகை 60 அல்ல, அதற்கு மேல். தோன்றாத எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதைப் போடுங்கள்.

முழு எண்ணாக மட்டும் போடாதீர்கள். மனிதர்கள் 50, 75, 100 என்றுதான் போடுவார்கள். இருவர் ஒரே தொகையைப் போட்டால் முதலில் போட்டவருக்குத்தான் பொருள்; ஸ்னைப்பரில் வரும் நீங்கள் எப்போதும் கடைசி. 75-க்குப் பதில் 76.37 என்று போட்டால் 75-இல் நிற்பவர்களை எல்லாம் தாண்டிவிடுவீர்கள்.

ஸ்னைப்பர் போட்டும் தோற்றுவிட்டேன். மென்பொருள் கோளாறா?

பத்தில் ஒன்பது முறை கோளாறு இல்லை, வேறொருவர் உங்களைவிட அதிகமாகப் போட்டிருந்தார். ஸ்னைப்பர் தொகையைக் கூட்டாது, நேரத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். முதல் நாளே 100 டாலர் போட்டுவிட்டு மறந்துபோன ஒருவரை, கடைசி நொடியில் வரும் 90 டாலர் ஒருபோதும் வெல்லாது. ஏல வரலாற்றைத் திறந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

அடுத்த காரணம் படி. நீங்கள் 52 என்று கொடுத்து வைத்திருக்கிறீர்கள். கடைசி நிமிடத்தில் விலை 51.50-க்கு ஏறிவிட்டது. அடுத்த பிட் குறைந்தது 52.50 இருக்க வேண்டும். உங்கள் 52-ஐ ஈபே ஏற்றுக்கொள்ளாது. நிறையப் பேர் "என் ஸ்னைப்பர் வேலையே செய்யவில்லை" என்று சொல்வது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது நாணயம். இங்கிலாந்துத் தளத்தில் உள்ள பொருளுக்குப் பவுண்டில்தான் கேட்க வேண்டும். டாலரை நினைத்து எண்ணை எழுதினால் நினைத்ததைவிடக் கூடுதலாகக் கேட்டுவிடுவீர்கள்.

நிஜக் கோளாறும் உண்டு. ஈபே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு ஸ்னைப்பரில் மாற்ற மறப்பது, ஈபே திடீரென்று "நீங்கள் மனிதர்தானா" என்று படம் காட்டிக் கேட்பது, கைப்பேசிக்கு ஓடிபி அனுப்புவது. நான் பயன்படுத்திய ஒரு சேவை இந்தக் காரணத்தால் ஒரு மாதம் எதையும் கேட்காமல் விட்டது. தோல்விச் செய்தி வரவே இல்லை, நானே போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து, முக்கியமான பொருள் இருந்தால் அன்று மாலையே சேவைக்குள் நுழைந்து கணக்கு இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

எத்தனை நொடி முன்பு போடுவது நல்லது?

ஐந்திலிருந்து எட்டு நொடி. இரண்டு நொடி, ஒரு நொடி என்று வீரம் காட்ட வேண்டாம். பிட் போய்ச் சேர நேரம் பிடிக்கும், ஈபேயும் அதைப் பதிவு செய்ய வேண்டும். மனிதர் ஒருவர் பார்த்துப் பதில் போட எட்டு நொடியே போதாது. எதிரில் இருப்பது இன்னொரு ஸ்னைப்பர் என்றால் நொடியால் ஒன்றும் ஆகாது, தொகைதான் பேசும்.

எந்த மென்பொருள் நல்லது?

இரண்டு வகை. ஒன்று, உங்கள் கணினியில் நிறுவுவது. ஜேபிட்வாட்சர் ஒரு காலத்தில் இதில் பேர்பெற்றது. ஜாவாவில் எழுதப்பட்ட திறமூல மென்பொருள். இந்த வகையில் ஏலம் முடியும் நேரத்தில் உங்கள் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இணையம் இருக்க வேண்டும், மின்சாரம் போகக் கூடாது. நம் ஊரில் மூன்றையும் ஒரே நேரத்தில் உறுதி சொல்வது கடினம்.

இரண்டாவது, வெளியே ஒரு சர்வரிலிருந்து உங்கள் சார்பாகக் கேட்கும் இணையச் சேவை. கிக்சன், ஈஸ்னைப், ஆக்‌ஷன் ஸ்னைப்பர் இந்த வகையில் பலரும் கேள்விப்பட்ட பெயர்கள். சில இலவசம், சில மாதக் கட்டணம், சில வென்ற விலையில் ஒரு சிறு விழுக்காடு வாங்குபவை. எனக்கு இந்த வகைதான் ஒத்துவருகிறது. ஈபே தன் தளத்தை மாற்றும்போதெல்லாம் ஏதாவது ஒரு சேவை சில நாள் தடுமாறும். ஆகவே சேர்வதற்கு முன், இப்போது அது வேலை செய்கிறதா என்று அதைப் பயன்படுத்துபவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

என் ஈபே கடவுச்சொல்லை வேறொருவரிடம் கொடுப்பதா? பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். இந்தச் சேவைகளில் பல, உங்கள் பெயரில் உள்ளே நுழைந்து பிட் போடுகின்றன. அதாவது உங்கள் கணக்குச் சாவி அவர்களிடம் இருக்கிறது. நான் செய்வதைச் சொல்கிறேன்: ஏலத்துக்கென்றே தனி ஈபே கணக்கு. அதில் எதையும் விற்பதில்லை. கடவுச்சொல் வேறெங்கும் பயன்படுத்தாதது, மின்னஞ்சல் கடவுச்சொல்லுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. கார்டு எண்ணை அந்தக் கணக்கில் சேமித்து வைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் தட்டுகிறேன். கொஞ்சம் சிரமம், ஆனால் நிம்மதி. ஈபே கணக்கில் விற்பனையும் செய்பவர், அதில் பணம் வந்து போகிறவர், அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை எந்த ஸ்னைப்பருக்கும் தர வேண்டாம்.

ஈபே இதை அனுமதிக்கிறதா?

கடைசி நொடியில் கேட்பது ஈபேயில் தடையில்லை. முந்தப்படாமல் இருக்க உங்கள் உண்மையான உச்சத் தொகையை முன்பே போட்டு வையுங்கள் என்பதுதான் அவர்கள் தரும் அறிவுரை. மென்பொருள் வழியாகக் கேட்பது வேறு கேள்வி. அனுமதி பெறாத தானியங்கிக் கருவிகளால் தளத்துக்குள் நுழையக் கூடாது என்று அவர்களுடைய பயனர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஸ்னைப்பர் சேவைகள் பல வருடமாக வெளிப்படையாகவே நடந்து வருகின்றன என்பதும் உண்மை. அதற்காக உங்கள் கணக்குக்கு ஒன்றும் ஆகாது என்று நான் உறுதி தர மாட்டேன். ஒப்பந்தத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள், சேர்வதற்கு முன் அன்றைய வாசகத்தை ஒருமுறை படியுங்கள். தனிக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது நியாயமா? ஒரு வாரம் காத்திருந்த பொருளை ஐந்து நொடியில் ஒருவர் தட்டிக்கொண்டு போனார்.

அந்த வலி எனக்கும் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் உங்களைவிட அதிகம் கேட்டதால்தான் எடுத்தார். உங்கள் உண்மையான உச்சத்தை நீங்கள் உள்ளே போட்டு வைத்திருந்து, அது அவருடையதைவிட அதிகமாக இருந்திருந்தால், அவருடைய ஸ்னைப்பர் தோற்றிருக்கும். நீங்கள் 40 போட்டிருந்தீர்கள், 55 வரை போயிருப்பீர்கள், அவர் 48 போட்டு எடுத்தார் என்றால் நீங்கள் மறைத்து வைத்த அந்த 15 டாலர்தான் உங்களைத் தோற்கடித்தது. இதில் நான் தவறு காணவில்லை.

தவறு என்று நான் நினைப்பவை வேறு. விற்பவர் தன் நண்பரைக் கொண்டு விலையை ஏற்றிவிடுவது. ஈபே விதிப்படியும் அது குற்றம். ஸ்னைப்பர் இதற்கு ஓரளவு மருந்து, ஏனென்றால் உங்கள் பிட் உள்ளே இல்லாதவரை ஏற்றிவிட ஆளில்லை. இன்னொன்று நம் பக்கமே நடப்பது. ஒரே பொருளைச் சேர்க்கும் நான்கு பேர் பேசி வைத்துக்கொண்டு, "இதை நீ எடு, அடுத்தது எனக்கு" என்று பிட் போடாமல் விலகுவது. நட்பு மாதிரித் தெரியும், ஆனால் நஷ்டம் விற்பவருக்கு. ஒரு பெரியவரின் ஆல்பத்தை அவர் பிள்ளைகள் விற்கும்போது இப்படிச் செய்தால் அது திருட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. என்னிடம் கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரே பொருளை ஐந்து பேர் விற்கிறார்கள், எனக்கு ஒன்று போதும்.

ஸ்னைப்பரின் சிறந்த வசதி இதற்குத்தான். ஐந்தையும் ஒரு குழுவாகப் போடலாம். ஒன்றை வென்றதும் மீதி பிட்கள் தாமாகவே ரத்தாகிவிடும். ஈபேயில் நேரடியாகக் கேட்டால் இது முடியாது. ஐந்திலும் பிட் போட்டால் ஐந்தையும் வாங்க வேண்டி வரலாம். இரண்டு ஏலங்கள் ஓரிரு நிமிட இடைவெளியில் முடிந்தால் மட்டும் ஒன்றை நீக்கிவிடுங்கள். முதல் ஏலத்தின் முடிவு தெரிவதற்குள் இரண்டாவதற்கும் பிட் போய்விடலாம்.

முன்கூட்டியே ஒரு சின்ன பிட் போட்டு வைக்கலாமா?

சில நேரம் கட்டாயம் போட வேண்டும். ஏலத்தோடு "உடனே வாங்கு" விலையும் இருந்தால் பெரும்பாலும் முதல் பிட் விழுந்ததும் அந்த வசதி மறைந்துவிடும். நீங்கள் கடைசி நொடிக்காகக் காத்திருக்கும்போது வேறொருவர் உடனே வாங்கிக்கொண்டு போகாமல் இருக்க, தொடக்க விலையில் ஒரு பிட் போதும். பிட்டே விழாத ஏலத்தை விற்பவர் பாதியில் நிறுத்துவதும் எளிது. வெளியே யாராவது நல்ல விலை சொன்னால் நிறுத்திவிடுவார்கள். பிட் இருந்தால் கொஞ்சம் யோசிப்பார்கள், அதிலும் கடைசி 12 மணி நேரத்தில் விதி இறுகிவிடும். இந்தச் சின்ன பிட் உங்கள் ஆர்வத்தைக் காட்டிக்கொடுக்கும்தான். ஆனால் பொருளே கையை விட்டுப் போவதற்கு அது மேல்.

இந்தியாவிலிருந்து எந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டும்?

ஸ்னைப்பர் இருந்தால் விழிக்கவே வேண்டாம். இருந்தாலும் சொல்கிறேன். ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது, எனவே நமக்கு எல்லாம் வெளிநாட்டு நேரம். கலிஃபோர்னியாவில் ஞாயிறு மாலை 6 மணிக்கு முடியும் ஏலம் நமக்குத் திங்கள் காலை 6.30, அங்கே குளிர்காலம் என்றால் 7.30. இங்கிலாந்தில் ஞாயிறு இரவு 8 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் 1.30. இலங்கைக்கும் இதே நேரம்தான். சிங்கப்பூர், மலேசியா நண்பர்கள் இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வென்ற பிறகு வேண்டாம் என்று சொல்லலாமா?

கூடாது. பிட் என்பது வாங்குவதாகக் கொடுத்த வாக்கு. பணம் கட்ட 4 நாள். அதற்குள் கட்டாவிட்டால் விற்பவர் ரத்து செய்யலாம், உங்கள் கணக்கில் பதிவாகும், சிலர் உங்களைத் தடைசெய்துவிடுவார்கள். வாங்கப் பிடிக்கவில்லை என்றால் ஸ்னைப்பர் பிட் போடுவதற்கு முன்பே அதை நீக்கிவிடுங்கள். இதுவும் ஸ்னைப்பரின் ஒரு நன்மைதான்: ஈபேயில் போட்ட பிட்டைத் திரும்பப் பெறுவது கடினம், ஸ்னைப்பரில் எழுதி வைத்ததைக் கடைசி நிமிடம் வரை எந்தக் காரணமும் சொல்லாமல் அழிக்கலாம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வைத்திருக்கிறீர்களா என்பதையும் வெல்வதற்கு முன்பே பாருங்கள்.

முதல் முறை எதில் ஆரம்பிக்கலாம்?

இரண்டு மூன்று டாலருக்குள் முடியும் ஏதாவது ஒன்றில். தபால் செலவு குறைந்த, தொலைந்தாலும் வருத்தம் வராத ஒரு பொருள். ஸ்னைப்பரில் எழுதுங்கள், ஏழு நொடி என்று வையுங்கள், தூங்குங்கள். மறுநாள் வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும் ஏல வரலாற்றைத் திறந்து கீழிருந்து மேலே படியுங்கள். யார் முதல் நாளே உச்சம் போட்டுவிட்டுப் போனார், யார் இரண்டு இரண்டு டாலராக ஏறி வந்தார், உங்கள் பிட் எந்த நொடியில் விழுந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். இப்படி ஐந்தாறு வரலாறுகளைப் படித்த பிறகு, நீங்கள் உண்மையில் விரும்பும் அந்தப் பொருளுக்கு வாருங்கள்.